பியர்தான் அறை

கொஞ்சம் உட்காருங்கள் அண்ணாச்சி. மகள் மாரீஸ்வரி வெளியே வராந்தாவிலேயே இருக்கட்டும், அங்கே மின்விசிறி ஓடுகிறது. "புருஷன் வீட்டுக்கு இனிமே போகவே மாட்டேங்கிறா, நான் பேசாம எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிரட்டுமா?" இதுதானே உங்கள் கேள்வி. பதினாறு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் குடும்ப மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து நான்தான் செயலாளர். வங்கி வேலையைக்கூடப் பாதியில் விட்டுவிட்டேன், இதை விடவில்லை. பிரிந்துபோக வந்த நானூற்றுப் பதினோரு ஜோடியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறோம்.

நான் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று பேசுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு ஜோடி போன பிறகும் என்னையே கேட்டுக்கொள்வேன், சரியாகத்தான் செய்தோமா என்று. பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்வேன், முகம் மழிக்கும்போது கேட்டுக்கொள்வேன். என் சம்சாரம் காந்திமதி சொல்லுவாள், "உங்களுக்குக் கேள்வி கேக்குறது மட்டும்தான் தெரியும்" என்று. அது கிடக்கட்டும்.

மன்றத்தில் எங்களுக்கு இரண்டே விதிதான். முதல் விதி, ஒரு தரப்பு சொல்வதை அடுத்த தரப்புக்கு மறைக்கக் கூடாது. பெண் வந்து அழுதுகொண்டு என்ன சொன்னாலும், அதைப் புருஷனை வைத்துக்கொண்டு அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவேன். ஒளிவு மறைவு இருந்தால் நீதி எங்கிருந்து வரும். இரண்டாவது விதி, மத்தியானம் இருவருக்கும் சேர்த்து ஒரே இலை. இரண்டு பேருக்கான சோற்றையும் அதிலேயே போட்டு, எதிரெதிரே உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவோம். சாப்பிட்டு முடித்தால் பாதி வழக்கு முடிந்தது. நான் யோசித்துக் கண்டுபிடித்த முறை என்றுதான் நினைத்திருந்தேன். போன தீபாவளிக்கு ருமேனியா போகிற வரைக்கும்.

ரோம் இல்லை அண்ணாச்சி, ருமேனியா. ஐரோப்பாவில் கொஞ்சம் கிழக்கே தள்ளி. என் மகள் அனுசுயாவை அங்கேதான் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை ராஜபிரபு கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். சிபியு என்று ஒரு ஊர், நாலாவது மாடியில் வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அனு ஒரு தடவைகூட வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளை சொல்லுவார். காந்திமதிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் நான் மட்டும் கிளம்பினேன். சாத்தூர்ச் சேவு இரண்டு கிலோ, அதிரசம், பருப்புப்பொடி எல்லாம் கட்டிக் கொடுத்தாள். கடைசியில் பெட்டியைப் பூட்டிவிட்டு, "வரும்போது அவளையும் கூட்டிட்டு வந்துருங்க" என்றாள். பெற்றவள் பிரிவில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்.

மாப்பிள்ளை தங்கமான பையன். கால் கீழே படாமல் பார்த்துக்கொண்டார். காலையில் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார். "அனு சாவியத் தொலைச்சிர்றா மாமா. அதான்" என்றார். நாலு நாள் நானும் உள்ளேதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் மூச்சு முட்டவில்லை. ஹாலில் சின்னதாக ஒரு கேமரா, திருட்டுப் பயத்துக்கு. அதிலேயே பேசவும் முடியும். ஆபீஸில் இருந்தபடியே திடீரென்று, "மாமா, டீ குடிச்சாச்சா?" என்பார். எனக்குத் தூக்கிவாரிப் போடும், அப்புறம் சிரிப்பேன். அனு சிரிக்கமாட்டாள். அந்தக் குரல் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நேராக நிற்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே ஐப்பசியிலேயே குளிர் எலும்பைத் தொடும். வெளியே போக முட்டி வரைக்கும் பூட்ஸ் வேண்டும். அவளுடைய பூட்ஸ் காரின் டிக்கியில் இருந்தது. வீட்டில் அவளுக்கு ரப்பர் செருப்பு மட்டும்தான். கேட்டதற்கு, "தரை வீணாப்போயிரும் மாமா, எங்கயாவது போகும்போது எடுத்துக் குடுத்துர்றேன்" என்றார். எவ்வளவு சுத்தம் பாருங்கள். நம் வீடுகளில் செருப்பு மேல் செருப்பு கிடக்கும்.

இடது கையில் அவளுக்கு இரண்டு விரல் மடங்காது. முதல் நாள் சாப்பாடு போடும்போதுதான் கவனித்தேன். "என்னம்மா இது?" என்றேன். "கதவுல நசுங்கிருச்சு." இருவரும் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையில் சொன்னார்கள். மன்றத்தில் அப்படிச் சொன்னால் ஒற்றுமை என்று நான் குறித்துக்கொள்வது வழக்கம்.

சனிக்கிழமை காரில் சிகிஷோவாராவுக்குக் கூட்டிப்போனார். சின்ன ஊர் அண்ணாச்சி. குன்றின் மேல் கோட்டை, கோட்டைக்குள் ஊர், பல நூறு வருஷமாக அதற்குள் சனங்கள் குடியிருக்கிறார்கள். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று வீடுகள், தெருவெல்லாம் உருண்டைக் கல். மணிக்கூண்டில் நேரத்துக்கு ஏற்ற மாதிரி மரப்பொம்மைகள் அசையும். மக்காச்சோளத்தில் களி கிண்டிப் போட்டார்கள், நம் களிதான், மேலே பாலாடைக்கட்டி. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அனு தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை "சாப்பிடு" என்றார். சாப்பிட்டாள்.

அன்றைக்கு அங்கேயே ஓட்டலில் தங்கினோம். மாப்பிள்ளை காரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்ததால், ஓட்டல்காரப் பெண் எழுதிக்கொண்டு மூன்று பேர் பாஸ்போர்ட்டையும் என் கையில் கொடுத்துவிட்டாள். நான் இடுப்பில் கட்டியிருந்த பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். வெளிநாட்டில் நான் அந்தப் பையைக் கழற்றுவதே இல்லை. மாப்பிள்ளையும் அதை மறந்துவிட்டார். அனு மறக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த ஊரில் ஒரு படிக்கட்டு ஏறினோம். மலை உச்சியில் பள்ளிக்கூடமும் கோயிலும். பிள்ளைகள் பனியில் நனையாமல் போகவேண்டும் என்று படி முழுக்க மரத்தால் கூரை போட்டு மூடியிருக்கிறார்கள். நூற்றெழுபது படிக்கு மேல். மாப்பிள்ளைக்கு போன் வந்தது, கீழே நின்றுவிட்டார். பாதி ஏறியதும் அனு திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். எனக்கு மூச்சு இரைக்கிறது. "மேல போய்ப் பேசலாம்மா" என்றேன். மேலே போய் நிற்கிறோம், மாப்பிள்ளை இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்துவிட்டார். "மாமாவுக்கு ஏதாவது ஆயிருமோன்னு ஓடி வந்தேன்" என்றார். அவருக்கு மூச்சே வாங்கவில்லை. எனக்கு மட்டும் அன்றைக்கு அந்த இரைப்பு இல்லாமல் இருந்திருந்தால் என்று இப்போது சில நேரம் தோன்றும். தோன்றி என்ன செய்ய. நடைப்பயிற்சியைக் கூட்டியிருக்கிறேன்.

திரும்பும் வழியில்தான் பியர்தான். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமம், நடுவில் மேட்டின் மேல் கோயில், அவர்களுடைய மாதா கோயில். சுற்றிலும் மூன்று மதில். எதிரி வந்தால் ஊரே உள்ளே போய்க் கதவடைத்துக்கொள்ளுமாம். கோயிலுக்குள் ஒரு கதவு, ஒரே சாவியைத் திருப்பினால் பத்துப் பதினைந்து தாழ் ஒன்றாக வந்து விழும். மாப்பிள்ளை இன்ஜினியர் அல்லவா, அந்தப் பூட்டை விட்டு வரவில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டார். ஹில்டா என்று ஒரு வயதான அம்மாள்தான் எல்லாம் காட்டினாள். அவளுடைய சனங்கள் எல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள், இவள் போகவில்லை. இங்கிலீஷ் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். "பெரியவரே, இன்னொரு அறை இருக்கிறது, பாருங்கள்" என்று மதிலோரம் ஒரு சின்னக் கட்டிடத்துக்கு என்னையும் அனுவையும் கூட்டிப்போனாள்.

ஒரு கட்டில். ஒரு மேஜை. ஒரு நாற்காலி. ஒரு தட்டு, ஒரு கரண்டி. அவ்வளவுதான். விவாகரத்து கேட்டு வருகிற புருஷன் பெண்டாட்டியை அந்தக் காலத்தில் பாதிரியார் இதற்குள் விட்டுப் பூட்டிவிடுவாராம். இரண்டு வாரம். ஒரே தட்டில் சாப்பிட வேண்டும், ஒரே கட்டிலில் படுக்க வேண்டும். முந்நூறு வருஷத்தில் ஒரே ஒரு விவாகரத்துதான் நடந்தது என்று சொல்கிறார்கள் என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அண்ணாச்சி. எங்கேயோ கடல் கடந்து, எந்தக் காலத்திலோ, யாரோ ஒரு பாதிரியார் என் முறையைக் கண்டுபிடித்திருக்கிறார். இலைக்குப் பதில் தட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாறு வருஷம் வீணாகவில்லை என்று தோன்றியது. இந்த நேரத்தில்தான் அனு என் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பா, இந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் வர்றதுக்குள்ள சொல்லிர்றேன். என் பாஸ்போர்ட் உங்க பையில இருக்கு."

"ஆமா, பத்திரமா இருக்கு."

"ரெண்டு வருஷத்துல நேத்துதான் அது அவர் கையை விட்டு வெளிய வந்துச்சு. அதைத் திருப்பிக் குடுத்துராதீங்க. செவ்வாக்கிழமை உங்ககூட நானும் வந்துர்றேன். இல்லன்னா இப்பவே போயிரலாம், கீழ டாக்சி நிக்கிது, பாத்துட்டுத்தான் வந்தேன்."

"என்னம்மா திடீர்னு."

"திடீர்னு இல்லப்பா."

எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறேன். பதறினால் காரியம் கெட்டுவிடும். மன்றத்தில் எல்லாரிடமும் கேட்கிற மூன்று கேள்வியை நிதானமாகக் கேட்டேன்.

"கை நீட்டுறாரா?"

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கதவுல நசுங்குனதுன்னு நீதானம்மா சொன்ன."

"கதவை யாரு மூடுனாங்கன்னு நீங்க கேக்கலையே."

"சரி. சாப்பாட்டுக்குக் குறை வைக்கிறாரா?"

"இல்ல."

"வேற பொம்பளை சகவாசம்?"

"இல்லப்பா. இருந்தாலாவது கொஞ்ச நேரம் வீட்ல இருக்க மாட்டாரு."

மூன்றில் இரண்டு இல்லை. இரண்டு இல்லை என்றால் சேர்த்து அனுப்புவதுதான் வழக்கம். நான் அவளிடம் அந்தக் கட்டிலைக் காட்டினேன், தட்டைக் காட்டினேன். முந்நூறு வருஷக் கணக்கைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "நீங்க அப்பாவா கேளுங்க. செயலாளரா கேக்காதீங்க" என்றாள்.

அது என்னைத் தைத்துவிட்டது. உண்மையாகவே தைத்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைக்காத நாள் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஊரான் பெண்ணுக்கு ஒரு விதி, என் பெண்ணுக்கு ஒரு விதி என்று வைத்தால் நான் எந்த முகத்தோடு இங்கே வந்து உட்காருவது. அப்பாவாக இருப்பது சுலபம் அண்ணாச்சி, எல்லாரும் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளையைக் கூப்பிட வெளியே தலையை நீட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்த மடங்காத விரல் என் முழங்கையில் குத்திக்கொண்டு நின்றது. "கூட்டிட்டுப் போக வேணாம்ப்பா. நான் கேக்கவே இல்லன்னு நெனச்சுக்கோங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா நீங்க போன பிறகு நான் அங்கதான் இருக்கணும்."

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. பாஸ்போர்ட், டாக்சி, கதவு, விரல், எல்லாம். அவளை வைத்துக்கொண்டே சொன்னேன், அதுதான் முறை. மாப்பிள்ளை குறுக்கே பேசவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும், "தப்பு என் மேலதான் மாமா. நான் சரியாக் கவனிக்கல. இனிமே கவனிச்சுக்கிறேன்" என்று சிரித்த முகமாகச் சொன்னார். அப்படிப் பணிவாகப் பேசுகிற மாப்பிள்ளையை இந்த மன்றத்தில் நான் பார்த்ததில்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இப்படி ஓர் இடத்தில் நின்றுகொண்டு இதைச் செய்யாமல் போவதா. "நீங்க ரெண்டு பேரும் பத்து நிமிஷம் உள்ள இருங்க" என்றேன். ஹில்டாவிடம் கதவைச் சாத்தச் சொன்னேன். சுற்றுலா வருகிறவர்கள் விளையாட்டுக்கு அப்படிச் சாத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், கொஞ்சம் முன்னால் அவளேதான் சொன்னாள். இப்போது அனுவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், இந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை" என்றாள். "அவள் என் மகள்" என்றேன். "அதனால்தான் சொல்கிறேன்" என்றாள். மொழி சரியாக வராதவளிடம் என்ன வாதாட. நானே சாத்தினேன். கனமான கதவு, தோளைக் கொடுத்துத்தான் தள்ள வேண்டியிருந்தது.

வெளியே கல்லில் உட்கார்ந்து ஓர் ஆப்பிள் சாப்பிட்டேன். உள்ளே சத்தமே இல்லை. சண்டை என்றால் சத்தம் கேட்காதா. ஹில்டா போகாமல் எனக்கு எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். "உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள் என்றுதான் சொல்கிறார்கள். சந்தோஷமாக வந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை" என்றாள். எங்கள் பதிவேட்டிலும் அப்படி ஒரு கட்டம் கிடையாதே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சேர்க்கலாமா என்று கமிட்டியில் கேட்க வேண்டும்.

பத்து நிமிஷம் சொல்லி, ஏழு நிமிஷத்திலேயே வந்துவிட்டார்கள். அனு அழவில்லை. முகம் கழுவித் துடைத்தது போல இருந்தது. மாப்பிள்ளை, "மாமா, அந்தப் பாஸ்போர்ட் எல்லாம்" என்று கையை நீட்டினார். நான் ஜிப்பைத் திறந்தேன். திறக்கிற வரைக்கும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடையதையும் அவருடையதையும் எடுத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவள் என்னைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்கு அவள் வரவில்லை, காய்ச்சல் என்று மாப்பிள்ளை சொன்னார். கிளம்பும்போது படுக்கையறைக் கதவைத் தட்டி, "போய்ட்டு வரேம்மா" என்றேன். "சரிப்பா" என்று கேட்டது. கேட்டது மாதிரி இருந்தது.

பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்திருக்கலாமோ என்று கேட்காமல் இல்லை. கேட்கிறேன். தினமும் கேட்கிறேன். அவள் கையில் கொடுத்திருந்தால் அந்த டாக்சியில் ஏறியிருப்பாள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் கொடுக்கவில்லை. கேள்வியும் நேர்மையானது, பதிலும் நேர்மையானது. வேறு எப்படி ஒரு மனுஷன் வாழ்வது.

இப்போது எப்படி இருக்கிறாள் என்றுதானே கேட்கிறீர்கள். நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை சொல்கிறார். தீபாவளி கழிந்து ஒரு தடவை வீடியோவில் வந்தாள், "நல்லா இருக்கேன்ப்பா" என்று மூன்று தடவை சொன்னாள், ஒரே மாதிரி. பொங்கலுக்கு அவர் மட்டும்தான் பேசினார், அவள் தூங்குகிறாளாம். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் தூங்குகிறாள். அங்கே குளிர் அப்படி. காந்திமதிக்குத்தான் புரியவில்லை. நான் வந்து பெட்டியை வைத்ததும் வாசலை எட்டிப் பார்த்தாள், என் பின்னால் யாரும் இல்லை. நடந்ததைச் சொன்னேன், அவளிடமும் மறைக்கவில்லை. முழங்கால் வலியோடு அன்றைக்கே ராஜபாளையத்தில் அவள் தம்பி வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. கோபம் தணிந்தால் வருவாள். நானூற்றுப் பன்னிரண்டாவதாக அனுவையும் மாப்பிள்ளையையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். ஊர் வேறாக இருந்தால் என்ன, சேர்த்து வைத்தது நான்தானே.

அதனால் உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மாரீஸ்வரியை வீட்டுக்குக் கூட்டிப்போனால் இன்றைக்கு நிம்மதி. நாளைக்கு? வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் அழுதுகொண்டு சொன்னதையும், அவள் எழுதி அனுப்பிய நாலு பக்கத்தையும் நான் சும்மா வைத்துக்கொண்டிருக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளையை வரச்சொல்லி, காலையிலேயே ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டிவிட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை அண்ணாச்சி. அமைதியாகக் கேட்டார். பின் அறையில்தான் இருக்கிறார்.

எழுந்திருக்காதீர்கள். எங்கே பார்க்கிறீர்கள், வராந்தாவில் அவள் இல்லை. நான் அந்தப் படிக்கட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோதே எங்கள் ஆயா வந்து அவளைப் பின் அறைக்குக் கூட்டிப்போய்விட்டாள். அப்பா உள்ளே கூப்பிடுகிறார் என்றதும் எழுந்து போனதை இங்கிருந்தே பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள், அவர்களாக வரட்டும். பெஞ்சில் அவள் வைத்துவிட்டுப் போன துணிப்பை இருக்கும், அதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடியுங்கள்.